பத்மினியா, அம்பாசிடரா, பேசாமல் இருப்பதா?

போன வருடம் ஆனி மாதம் எனக்கு 62 முடிந்தது. அதே மாதம் ஒரு எல்.ஐ.சி. பாலிசி முதிர்ந்து நாலரை லட்சம் கைக்கு வந்தது. கடன் இல்லை, பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது, பையன் பெங்களூரில் இருக்கிறான், போன பொங்கலுக்கே வீட்டுக்கு வெள்ளையடித்தாயிற்று. முப்பத்தைந்து வருடம் கூட்டுறவு வங்கியில் அடுத்தவர் பணத்தையே எண்ணிக் கொடுத்தவனுக்கு, இன்ன செலவுக்கு என்று பெயர் எழுதாத பணம் கையில் நிற்பது இதுதான் முதல் தடவை. அன்று ராத்திரி படுத்ததும் ஞாபகம் வந்தது ஃபியட் கார்.

என் வயசுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி 1964-ல் ஃபியட் 1100 டிலைட் என்று செய்ய ஆரம்பித்த வண்டிதான் பிறகு பிரீமியர் பிரசிடென்ட் ஆகி, அப்புறம் 70-களின் நடுவில் பிரீமியர் பத்மினி ஆனது. பெயர் எத்தனை மாறினாலும் கும்பகோணத்தில் அது கடைசிவரை ஃபியட்தான். எங்கள் தெரு டாக்டரிடம் கிரீம் கலரில் ஒன்று இருந்தது. ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர், முன்னால் ஒரே நீளமான சீட். கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடியைச் சுற்றிப் பார்க்க ஒரு பையன் கூட்டமே காத்திருக்கும். பெரியவனானதும் இதே வண்டி வாங்குவேன் என்று நான் சொன்னது பத்து வயதில். அதற்கப்புறம் எனக்குக் கிடைத்தது டி.வி.எஸ். 50, பிறகு ஒரு ஸ்கூட்டர், பிறகு 2012-ல் ஒரு ஆல்ட்டோ. ஆல்ட்டோ இன்னும் வாசலில் நிற்கிறது, அதன்மேல் ஒரு குறையும் இல்லை. குறை இல்லை என்பதால் ஆசை வந்துவிடுமா?

ஆறு மாதம் இதே வேலையாகத் திரிந்தேன். பார்த்ததை, கேட்டதை, கணக்குப் போட்டதை எழுதி வைக்கிறேன். இதே கிறுக்கு உள்ளவர்கள் நம் வயதில் நிறைய பேர் இருக்கிறார்கள் என்று தெரியும்.

முதலில் பத்மினி. வலங்கைமான் பக்கம் ஒரு நெல் மண்டி ஷெட்டில் 1989 மாடல் ஒன்று இருப்பதாகப் புரோக்கர் கூட்டிப்போனார். கருநீலம். மேலே சாக்கு போட்டு மூடி வைத்திருந்தார்கள். கதவைத் திறந்ததும் ரெக்ஸினும் பழைய பெட்ரோலும் கலந்து ஒரு வாசனை வந்தது, அந்த இடத்திலேயே பணத்தை நீட்டியிருப்பேன். நல்ல காலம், எங்கள் மெக்கானிக் பாய் கூட வந்திருந்தார். அவர் பேனட்டைத் திறக்கவே இல்லை. நேராக டிரைவர் காலடியில் விரித்திருந்த மேட்டைத் தூக்கினார். கீழே தரை தெரிந்தது. வண்டிக்கு அடியில் ஒரு கோழி நடந்து போனதுகூடத் தெரிந்தது. "இன்ஜின் செஞ்சுக்கலாம் சார், ஃப்ளோர்தான் செலவு" என்றார். பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பெயிண்டைப் பார்க்காதீர்கள், மேட்டைத் தூக்குங்கள், டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அதன் அடியைப் பாருங்கள், கதவின் கீழ் ஓரத்தை விரலால் தட்டிப் பாருங்கள். தகரச் சத்தம் வராமல் 'தொப்' என்று கேட்டால் உள்ளே முழுக்கப் பட்டி.

கேட்ட விலை 1 லட்சத்து 80 ஆயிரம். டிங்கரிங், பெயிண்டிங், சீட், வயரிங் எல்லாம் சேர்த்து இன்னும் ஒன்றரை லட்சத்துக்குக் குறையாது என்று பாய் சொன்னார், அவர் சொல்லும் கணக்கு எப்போதும் கடைசியில் ஒன்றேகால் மடங்காகும். சரி, அதுகூட நாலரைக்குள் அடங்குகிறதே என்று மனசு கணக்குப் போட்டது.

ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டபோதுதான் சங்கதி வெளியே வந்தது. வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர் இறந்து வருடங்களாகிவிட்டன. பிள்ளைகள் நாலு பேர், அதில் ஒருவர் துபாயில். உரிமையாளர் இறந்துபோனால் படிவம் 31 போட்டு, வாரிசுச் சான்றிதழோடு முதலில் ஒரு வாரிசின் பெயருக்கு மாற்ற வேண்டும், மற்றவர்கள் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும், அதன்பிறகுதான் என் பெயர். இது போக, சொந்தக் காருக்குப் பதிவு 15 வருடம்தான், அதற்கப்புறம் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கினார்கள், 2025 ஆகஸ்டில் இருபது வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி, தாமதத்துக்கு அபராதம் தனி. கேரளா வண்டி சல்லிசாகக் கிடைக்கும் என்று ஒரு பேச்சு உண்டே, அதற்கும் அங்கிருந்து என்.ஓ.சி. வாங்கி வந்து இங்கே வரி கட்டி நம்பர் மாற்றிப் பார்த்தால் சல்லிசு எல்லாம் அதிலேயே கரைந்துவிடும்.

இன்னும் பழசாகப் போனால் சலுகை உண்டே என்று நண்பர் ஒருவர் சொன்னார். உண்டுதான். ஐம்பது வருடம் தாண்டிய கார்களை விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்யலாம் என 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. நம்பரில் 'வி.ஏ.' என்று எழுத்து வரும், கட்டணம் 20,000, பத்து வருடத்துக்குச் செல்லும். ஆனால் அந்த வண்டியைக் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் பெட்ரோல் போடவும் ரிப்பேருக்கும்தான் வெளியே எடுக்கலாம். சுவாமிமலைக்கு அர்ச்சனைத் தட்டோடு போக முடியாது. பூஜை அறையில் வைக்கிற வெள்ளிக் குத்துவிளக்கு மாதிரி ஒரு காரை நான் என்ன செய்வது?

ஓட்டுகிற விஷயத்துக்கு வருவோம். பத்மினிக்கு 1,089 சி.சி. இன்ஜின், கார்புரேட்டர், இன்ஜினோடு ஒட்டிய மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப். சித்திரை வெயிலில் பம்ப் சூடேறி பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிடும், ஈரத்துணியை அதன்மேல் போட்டுப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்தக் காலத்து டிரைவர்கள் எல்லோரிடமும் அதற்கென்று ஒரு துணி இருக்கும். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் ஹோஸும் டயாஃப்ரமும் அதைத் தாங்குவதில்லை, புதிதாக மாற்றித்தான் ஆகவேண்டும். பவர் ஸ்டியரிங் கிடையாது, ஏ.சி. கிடையாது, ராத்திரியில் ஹெட்லைட் அகல்விளக்கு மாதிரி இருக்கும். எனக்கு இடது முழங்கால் ஏற்கனவே தேய்மானம். கண்ணில் புரை ஆரம்பித்திருக்கிறது, எதிர் வண்டி வெளிச்சம் பூப்பூவாக விரிகிறது. 55 தாண்டியவர்களுக்கு லைசென்ஸும் ஐந்தைந்து வருடமாகத்தான் தருகிறார்கள், அதற்கு டாக்டர் கையெழுத்துப் போட்ட படிவம் 1ஏ வேண்டும். இந்தக் காரை ரசித்து ஓட்ட எனக்கு மிச்சமிருப்பது எத்தனை வருடம் என்று அந்தப் படிவம் நாசூக்காகச் சொல்லிவிடுகிறது.

பாய் கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் இன்னும் என்னிடம் பதில் இல்லை. "சார், வாரம் ஒரு தடவை இதை ஸ்டார்ட் போட்டு ஒரு ரவுண்டு போய்வர ஆள் இருக்கா? நீங்க பேரன் பேத்தி பார்க்க பெங்களூர் போய் ரெண்டு மாசம் இருந்துட்டா?"

அடுத்தது அம்பாசிடர். புத்தியோடு யோசித்தால் பத்மினியைவிட இதுதான் சரி. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை வைத்து 1950-களின் கடைசியில் கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் செய்ய ஆரம்பித்தது, 2014 மே மாதம்வரை செய்தார்கள். பத்மினி 2000-ஐ ஒட்டியே நின்றுவிட்டதால் கடைசி வண்டிகூடக் கால் நூற்றாண்டைத் தொட்டுவிட்டது. அம்பாசிடரில் 2010, 2012 மாடல்கூடக் கிடைக்கும், இருபது வருடக் கட்டணம் வர இன்னும் நாளிருக்கிறது. தமிழ்நாடு முழுக்க டாக்சியாக ஓடிய வண்டி, அதனால் புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ தேடினால் கிடைக்காத பாகம் கிடையாது. கை வைக்கத் தெரிந்த மெக்கானிக் ஊருக்கு ஒருவராவது இருப்பார். பின்சீட்டில் மூன்று பேர் சம்மணம் போட்டு உட்காரலாம். இன்சூரன்ஸில் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: 2022-ல் வைத்த விகிதப்படி மூன்றாம் நபர் பிரீமியம் ஆயிரத்துக்கு மேல் 1,500 சி.சி.வரை 3,416 ரூபாய், அதைத் தாண்டினால் 7,897. 1,489 சி.சி. டீசல் அம்பாசிடர் முதல் கணக்கில் வரும், ஜப்பான் கம்பெனி இசுசுவின் பெட்ரோல் இன்ஜின் போட்டது 1,817 சி.சி., இரண்டாவதில் போய் விழும். ஆனால் ஓட்ட சுகம் இசுசுதான், ஐந்து கியர், இழுவையும் நன்றாக இருக்கும்.

எல்லாம் சரி. எனக்கு அம்பாசிடர் மேல் மரியாதை உண்டு, ஆசை கிடையாது. முப்பத்தைந்து வருடமும் வங்கி வாசலில் வெள்ளை அம்பாசிடர் வந்து நின்றால் உள்ளே இறங்கி வருவது ஆய்வு அதிகாரி. இப்போதும் தெருவில் ஒன்றைப் பார்த்தால் என் கை தன்னால் பேரேட்டைத் தேடுகிறது. சொந்தக் காசைப் போட்டு அந்தப் பயத்தை வாசலில் நிறுத்தி வைப்பானேன்! அந்த மாதிரி ஞாபகம் இல்லாதவர்களுக்கு, பழைய கார் ஒன்று வேண்டும், அதில் குடும்பத்தோடு ஊர் போய் வரவும் வேண்டும் என்பவர்களுக்கு, நான் கைகாட்டுவது இதைத்தான்.

கான்டெசா பற்றிச் சுருக்கமாக. 1984-லிருந்து 2002 வரை வந்தது, ஆரம்பத்தில் அம்பாசிடரின் 1.5 லிட்டர் இன்ஜினையே அந்தப் பெரிய உடம்புக்குப் போட்டதால் மூச்சு வாங்கும், பிறகு இசுசு வந்து பிழைத்தது. மில் முதலாளிகள் வண்டி. பெட்ரோல் குடிக்கும், கண்ணாடியும் வெளிச் சாமான்களும் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதன்மேல் தனி ஆசை இருந்தால் ஒழிய வேண்டாம்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று ஒன்று இருந்தது, அதைச் சொல்லாமல் போனால் மெட்ராஸ்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். 1961-லிருந்து பத்து வருடம் நம் மெட்ராஸிலேயே செய்த கார், முன்பக்க பேனட்டும் மட்கார்டும் சேர்ந்து ஒரே துண்டாக முன்னால் கவிழ்ந்து திறக்கும், முதலை வாயைத் திறந்த மாதிரி. இன்று பார்க்கக் கிடைத்தாலே பாக்கியம், வாங்கி ஓட்டுவது என்பதெல்லாம் அதற்கே வாழ்க்கையைக் கொடுத்தவர்கள் வேலை. பழைய கார்களைப் பார்த்தால் மட்டும் போதும் என்பவர்கள் கோவை அவினாசி சாலையில் ஜி.டி. நாயுடு பெயரில் உள்ள ஜீடி கார் மியூசியத்துக்கு ஒரு தடவை போய் வாருங்கள். நான் அரை நாள் நின்றேன். ஆனால் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பது, பசியோடு இருப்பவன் மிட்டாய்க் கடையைப் பார்ப்பது மாதிரிதான்.

பையன் சொன்ன யோசனை புது வண்டி. "அப்பா, பழசைக் கட்டிக்கிட்டு ஏன் அழறீங்க, தார் எடுங்க, இல்ல ஜிம்னி எடுங்க, நான் பாதி போடறேன்." பாசம்தான். ஆனால் ஜிம்னி 2023-ல் வந்தபோதே ஷோரூம் விலை 12 லட்சத்து 74 ஆயிரத்தில் ஆரம்பித்தது, ரோட்டுக்கு வருவதற்குள் அதற்கு மேல் இரண்டு லட்சத்துக்குக் குறையாமல் ஏறிவிடும். வங்கியில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், 62 வயதில் ஏழு வருடக் கார் கடன் கேட்டுப் போனால் மேனேஜர் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற நண்பர் மூன்று கதவு தார் எடுத்தார். அவருக்குப் பிள்ளைப் பருவத்திலிருந்து ஜீப் ஆசை, ஓட்டும்போது முகத்தைப் பார்க்க வேண்டும், இருபது வயது குறைந்துவிடுகிறது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் வீட்டம்மா ஏறுவதற்கு டிக்கியில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி வைத்திருக்கிறார். கல்யாண மண்டப வாசலில் அந்த முக்காலியை இறக்கி வைத்து, கையைப் பிடித்து ஏற்றி, மறுபடி முக்காலியை எடுத்து உள்ளே போட்டுக் கிளம்புவதை ஊரே நின்று பார்க்கும். மூன்றாவது மாதத்திலிருந்து அந்த அம்மா பஸ்ஸில் வந்துவிடுகிறார். புது வண்டிதான் என்று முடிவு செய்பவர்கள் டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள், வீட்டில் முழங்கால் வலி யாருக்கு அதிகமோ அவரைக் கூட்டிப் போங்கள்.

வாடகைக்கு எடுத்து ஒரு நாள் ஓட்டி ஆசையைத் தீர்த்துக்கொள்வது இன்னொரு வழி. கல்யாண ஊர்வலத்துக்கு, ஷூட்டிங்குக்கு என்று பழைய கார் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். டிரைவரோடு எடுத்தாலும் சரி, சாவியை நம் கையில் கொடுக்கிறேன் என்றாலும் சரி, ஆர்.சி.யைக் கேளுங்கள். பெரும்பாலும் ஓன் போர்டு, அதாவது சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியாக இருக்கும், அதை வாடகைக்கு விடவே கூடாது, வழியில் ஒன்று கிடக்க ஒன்று ஆனால் இன்சூரன்ஸ்காரன் கையை விரித்துவிடுவான். நான் விசாரித்த ஒருவர் நாள் வாடகை 9,000 கேட்டார், முன்பணம் வாங்கிக்கொண்டு கடைசி நேரத்தில் முகூர்த்த நாள் என்று வண்டியை வேறு பக்கம் அனுப்பிவிட்டார். பணம் திரும்பி வர இரண்டு மாதம் ஆயிற்று.

காரே வேண்டாம், அந்தப் பணத்தில் ஆல்ட்டோவிலேயே ஊர் சுற்றலாம் என்பதும் கணக்கில் இருந்தது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி, கொல்லிமலைக்கு 70, தனுஷ்கோடிக் கடைசிவரை ரோடு. நாலரை லட்சத்தில் பத்து வருடம் போகலாம். பத்மினியை எடுத்துக்கொண்டு கொல்லிமலை ஏறினால் முப்பதாவது வளைவில் ரேடியேட்டர் கொதித்து உட்கார்ந்திருப்போம். எல்லா வகையிலும் லாபமான யோசனை. ஏனோ இதை நினைத்தபோது ஒரு துளி சந்தோஷமும் வரவில்லை.

இவ்வளவையும் ஒரு பழைய டைரியில் கட்டம் போட்டு எழுதி, மார்க் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து, "ஏங்க, அந்த டாக்டர் கார்ல நீங்க எங்க உட்கார்ந்தீங்க?" என்றாள்.

நான் அந்தக் காரில் ஏறியது ஒரே ஒரு தடவை. 1973, டைபாய்டு, ராத்திரி பதினோரு மணி. அம்மா மடியில் தலை வைத்துப் பின்சீட்டில் படுத்திருந்தேன், டாக்டரே தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டிப்போனார். ஜன்னல் வழியாக மரங்கள் தலைகீழாகப் போயின, ஊருக்கு ஊர் தெருவிளக்கு வந்து வந்து போனது, இனிமேல் பயமில்லை என்று அம்மா சொல்லிக்கொண்டே வந்தாள். ஸ்டியரிங்கை நான் தொட்டதே இல்லை! ஐம்பது வருடமாக ஓட்ட ஆசை என்று நினைத்துக்கொண்டிருந்தது பின்சீட்டில் படுக்கிற ஆசை. அதற்கு எதற்கு ஆர்.சி. மாற்றமும் ஃப்ளோர் வெல்டிங்கும்? கனவுக் கார் தேடுகிறவர்கள் புரோக்கருக்குப் போன் போடுவதற்கு முன்னால், காரின் எந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து தான் உள்ளே போகிறோம் என்று ஒரு தடவை யோசித்துக்கொள்ளலாம். மின்வாரிய நண்பருக்கு ஸ்டியரிங். வாசலில் நின்றால் போதும் என்பவர்களும் உண்டு, அவர்கள் ஓடாத வண்டியை வாங்கிப் பெயிண்ட் அடித்து வைத்தாலும் திருப்தியாக இருப்பார்கள்.

பாயிடம் சொன்னேன். அவரிடம் சர்வீஸுக்கு வருகிற ஒரு வக்கீலின் பத்மினி இருந்தது, பேப்பர் எல்லாம் சுத்தம். வக்கீலும் பெரிய மனசுக்காரர். கார்த்திகையில் ஒரு ராத்திரி பாய் ஓட்ட, பெட்ரோல் நான் போட, கும்பகோணத்திலிருந்து பாபநாசம், அய்யம்பேட்டை வழியாகத் தஞ்சாவூர் போனோம். நாற்பது கிலோமீட்டர். நான் பின்சீட்டில் படுத்துக்கொண்டேன். கால் நீட்ட முடியவில்லை, மடக்கினால் முழங்கால் வலித்தது, தெருவிளக்கெல்லாம் இப்போது வெள்ளை எல்.இ.டி. ஆகிவிட்டதால் கண் கூசியது. அய்யம்பேட்டை தாண்டி கொஞ்ச தூரம் விளக்கே இல்லாத இடத்தில், இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டபோது, ஒரு ஐந்து நிமிடம் இருக்கும், பத்து வயதாகிவிட்டேன். அப்புறம் பாய் டீக்கு நிறுத்திவிட்டார்.

பணம் அப்படியே இருந்தது. அந்தக் கீரை ஆய்ந்த மத்தியானம் நான் கேட்க மறந்த இன்னொரு கேள்வி உண்டு, அதைத் தஞ்சாவூரிலிருந்து திரும்பி வந்த மறுநாள் கேட்டேன், உனக்கு என்ன ஆசை என்று. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள், "எனக்கு ஓட்டக் கத்துக்கணும். டி.வி.எஸ். 50 வாங்கினப்பவே கேட்டேன், பின்னாடி உட்கார்ந்தா போதாதான்னீங்க." நான் அப்படிச் சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை. அவளுக்கு வருடம், கிழமைகூட ஞாபகம் இருக்கிறது.

57 வயதில் கிளட்ச் பழகுவது கஷ்டம், அதனால் ஆட்டோமேட்டிக் பார்த்தோம். கிளட்ச் மிதிக்காமல் தானாக மாறும் ஏ.எம்.டி. கியர் சின்னக் கார்களில் முதலில் வந்தது 2014-ல் மாருதி செலேரியோவில்தான், அதிலேயே ஒரே கைமாறிய 2018 மாடல் மூன்றே முக்கால் லட்சத்துக்குக் கிடைத்தது. ஆல்ட்டோவை விற்றதில் இன்சூரன்ஸும் டிரைவிங் ஸ்கூல் பணமும் வந்துவிட்டன. மேடு ஏறும்போது ஏ.எம்.டி. கொஞ்சம் தலையாட்டும், நின்ற இடத்தில் பின்னால் உருளும், ஹேண்ட் பிரேக்கைப் போட்டு எடுக்கப் பழகிக்கொள்ள வேண்டும், மற்றபடி வயதானவர்களுக்கு இதைவிட உருப்படியான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

நாற்பது தாண்டியதால் அவளுக்கும் படிவம் 1ஏ கேட்டார்கள். எல்.எல்.ஆர். போன வியாழக்கிழமை வந்தது. இப்போது தினமும் காலை ஆறு மணிக்கு மகாமகக் குளத்தைச் சுற்றி இரண்டாம் கியர் வேகத்தில் போகிறோம், பால்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போகிறார்கள். முன்சீட்டில் உட்கார்ந்தால் நான் ஓயாமல் பிரேக் பிரேக் என்கிறேனாம், அதனால் அங்கே டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் உட்காருகிறார். என்னைப் பின்சீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.